கருங்காலியூர் வாரியத்தின் நிரந்தர ஊழியர்

ஓணான்கொட்டாய் தீர்த்தகிரி பத்தொன்பது வருடம் தற்காலிகமாக வேலை பார்த்தவர். தற்காலிகம் என்ற சொல்லுக்கு இதைவிட நீளமான உதாரணம் தர்மபுரி மாவட்டத்தில் வேறு எங்காவது இருந்தால் உரிய ஆதாரத்துடன் தெரிவிக்கலாம்.

ஓர் அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தார். தட்டச்சுப் பொறி போய்க் கம்ப்யூட்டர் வந்ததும் ஆபரேட்டர் ஆனார். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். சொன்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அந்தக் கடிதத்தை அடிக்க இப்போது அங்கே ஆளில்லை. வருடத்துக்கு ஒன்றாக, பணி நிரந்தரம் கேட்டுப் பத்தொன்பது விண்ணப்பம் கொடுத்தார். பத்தொன்பதையும் அவரே அடித்தார், அவரே தபால் பதிவேட்டில் ஏற்றினார், அவரே கோப்பில் வைத்து நாடா கட்டினார். ஐம்பத்தாறாம் வயதில் 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று ஒருவர் காரிடாரில் நின்று சொன்னார். வேலை போனதைவிட, அதை எழுத்தில் தரவில்லையே என்பதுதான் தீர்த்தகிரிக்கு ஆறாத வருத்தம்.

அதன்பிறகுதான் அதியமான்கோட்டைக்கு அருகே நெடுஞ்சாலையை ஒட்டிய ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் அவருக்கு அந்த விசித்திரமான உத்தியோகம் வாய்த்தது. கொடுத்தவர் முனைவர் ஜெயபிரியா. சித்தேரி மலையில் சாமை விதைக்கும் குடும்பத்துப் பெண். கம்ப்யூட்டர் வலைக்குள் புகுந்து திருடுகிறவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சிரிக்கும்போதும் அவர் கண் திரையை விட்டு நகராது.

"சார், நான் இல்லாத ஆபீஸ் ஒண்ணு கட்டியிருக்கேன்" என்றார் முதல் நாள். "கருங்காலியூர் கூட்டுக் குடிநீர் வாரியம். அப்படி ஒரு ஊரே கெடையாது. ஆனா இன்டர்நெட் வழியா பாத்தா டேங்க், மோட்டாரு, குளோரின் கலக்கற மெசினு எல்லாம் நெசமாவே ஓடற மாதிரி தெரியும். திருடன் உள்ள வருவான். எந்தப் பூட்டை எப்படித் தெறக்கறான்னு நாம மறைஞ்சு நின்னு பாக்கலாம். இதுக்குப் பேரு தேன்பானை."

"எறும்பு வருதுங்களா மேடம்?"

"வருது சார். நாலே நிமிசத்துல திரும்பிப் போயிடுது. உள்ள மனுச வாடை இல்லைன்னு கண்டுபுடிச்சுடறாங்க. ஒரு ஆபீஸ்னா உள்ளுக்குள்ள எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க."

விதி ஒன்றே ஒன்று. அந்த அலுவலகத்துக்குள் நிஜமான பொருள் ஒரு குண்டூசிகூட இருக்கக் கூடாது. பேர், ஊர், போன் நம்பர், பாஸ்வேர்டு, அத்தனையும் பொய்யாக இருக்க வேண்டும்.

தீர்த்தகிரி வேலையில் இறங்கினார். ஒரே மாதத்தில் கருங்காலியூர் வாரியத்துக்குப் பதினோரு ஊழியர்கள் கிடைத்தார்கள். அதில் மூன்று பேருக்குச் சர்க்கரை வியாதி. ஒற்றை இரும்பு பீரோவுக்காக இரண்டு பிரிவுகள் பதினான்கு கடிதம் எழுதிச் சண்டை போட்டன. முத்துராஜ் என்ற உதவியாளர் தங்கை கல்யாணத்துக்கு விடுப்புக் கேட்டார். அதே தங்கைக்கு ஆறு மாதத்தில் மறுபடி கல்யாணம் என்று கேட்டபோது கண்காணிப்பாளர் சந்தேகம் எழுப்பினார். நான்காயிரம் பேர் வாழும் ஊர் என்று ஜெயபிரியா எண்ணாக வைத்திருந்ததைத் தீர்த்தகிரி தெருத்தெருவாகப் பிரித்தார். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று வாரம் இரண்டு புகார் மனு, கையெழுத்துக் கோணல் உட்பட.

வலது மணிக்கட்டு பழைய தட்டச்சால் தேய்ந்து போயிருந்தது. ஜெயபிரியா ஒரு மைக் வாங்கிக் கொடுத்தார். சொன்னால் எழுத்தாகிவிடும். மத்தியான வேளையில், திரைச்சீலை இழுத்துவிட்ட அந்தக் குளிர்ந்த அறையில், தீர்த்தகிரி தனியாக உட்கார்ந்து இல்லாத அலுவலகத்துக்குக் கடிதம் சொல்லிக்கொண்டிருப்பார். "பொருள், மின்விசிறி பழுது நீக்கம் தொடர்பாக. பார்வை, இவ்வலுவலகக் கடிதம் நாள்..." எதிரில் பெட்டிகள் விளக்குச் சிமிட்டும். யாரோ தலையாட்டிக் கேட்பது போலவே இருக்கும்.

இங்கே அவருடைய தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த நாட்டில் எந்த அரசுக் கடிதமும் புதிதாக எழுதப்படுவதில்லை. பழைய கடிதத்தைத் திறந்து, பேரை மாற்றி, தேதியை மாற்றி, புது எண் போட்டால் அதுதான் புதுக் கடிதம். தீர்த்தகிரியும் அப்படியே செய்தார். பழைய அலுவலகத்தில் அடித்ததெல்லாம் ஒரு பென்டிரைவில் இருந்தது. அதை அப்படியே கருங்காலியூருக்குள் கொட்டி, ஒவ்வொன்றாகத் திறந்து பேரை மாற்றினார். தன்னுடைய பத்தொன்பது விண்ணப்பங்களைத் திறந்து முத்துராஜ் பேரைப் போட்டபோது மட்டும் கொஞ்சம் நேரம் பிடித்தது. கடிதங்களைத்தான் மாற்றினார். கடைசியில் தொங்கும் இணைப்புகளை, அவற்றில் இருந்த தன் பேரையும் போன் நம்பரையும்கூட, மாற்றவில்லை. இணைப்பை யாராவது படிப்பார்களா? பத்தொன்பது வருடத்தில் அவர் அடித்த இணைப்புகளை ஒரு ஜீவன்கூடப் படித்ததில்லை.

ஆவணி மாதம் ஒருவன் வந்தான். நாலு நிமிடத்தில் போகவில்லை. மாலை வரை இருந்தான். மறுநாளும் வந்தான்.

"எந்த ஊர்க்காரன் மேடம்?"

"அஞ்சு நாட்டு வழியா சுத்தி வர்றான். கடைசி நாடு எதுன்னு புடிபடல." ஜெயபிரியா பூரித்துப்போயிருந்தார். "சார், எதையும் திருடல. படிக்கறான். பீரோ சண்டை பதினாலு லெட்டரையும் வரிசையா படிச்சிருக்கான்!"

தீர்த்தகிரிக்கு உள்ளூரக் குளிர்ந்தது. பதினாலாவது கடிதத்தில் அவர் போட்டிருந்த வாதத்துக்கு அவரே பெருமைப்பட்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்து, முத்துராஜின் விடுப்பு விண்ணப்பத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: 'அனுமதிக்கப்படுகிறது.' தீர்த்தகிரி எழுதியதல்ல. ஜெயபிரியா எழுதியதுமல்ல. இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் போகிற சத்தம் திடீரென்று ரொம்பத் தூரத்தில் கேட்டது.

"தமிழே தெரியாதவன் மெசினை வெச்சு எழுதியிருக்கலாம் சார்" என்றார் ஜெயபிரியா.

"மெசினா இருந்தாலும் நடைமுறை தெரிஞ்ச மெசினுங்க மேடம். தேதி போட்டிருக்குது பாருங்க."

பிறகு அது வழக்கமானது. வந்தவன் வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்தான். மின்விசிறிக்கு ஒப்புதல் கொடுத்தான். தீர்த்தகிரி காய்ச்சலில் மூன்று நாள் வராமல் நான்காம் நாள் போனபோது திரையில் காத்திருந்த குறிப்பு: 'மூன்று நாளாகக் கடிதம் ஏதும் வரப்பெறவில்லை. உடல்நலம் எப்படி?' பத்தொன்பது வருடத்தில் எந்த அதிகாரியும் கேட்காத கேள்வி. தீர்த்தகிரி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். சந்தோஷமாக இருந்தது. கையில் முடி மட்டும் ஏனோ குத்திட்டு நின்றது.

ஐப்பசியில் ஒரு நாள், மத்தியானம் மூன்று மணி. ஜெயபிரியா வகுப்புக்குப் போயிருந்தார். திரையில் புதிதாக ஒரு கடிதம்.

'இணைப்பு நான்கில் கண்டுள்ள எண்ணும் கடவுச்சொல்லும் இவ்வாரியத்தைச் சேர்ந்தவை அல்ல. இவ்வலுவலகத்தில் உண்மையானது அது ஒன்றே. விளக்கம் தருக.'

தீர்த்தகிரி இணைப்பு நான்கைத் திறந்தார்.

கம்பைநல்லூர் பக்கம் இருக்கும் அவருடைய சொந்த ஊர் ஓணான்கொட்டாயின் தண்ணீர்த் தொட்டி அது. சிம் போட்ட ஒரு பெட்டி அந்தத் தொட்டியின் மோட்டாரையும் குளோரின் கலப்பதையும் தூரத்திலிருந்தே இயக்கும். அந்தப் பெட்டியின் நம்பர், பாஸ்வேர்டு, தொட்டி ஆபரேட்டர் வீரமணியின் பேர், போன். என்றோ அடித்த பழைய கடிதத்தின் வால். அப்படியானால் உள்ளே புகுந்தவன் வந்த நாளிலிருந்தே இது பொய் அலுவலகம் என்று தெரிந்து வைத்திருக்கிறான். தெரிந்தே விடுப்புக் கொடுத்திருக்கிறான்.

போனை எடுத்தார். வீரமணி தொட்டிக்குக் கீழே இருந்தான்.

"ஏண்டா, தூங்குமூஞ்சி! பொட்டில குளோரின் எத்தனை காட்டுது பாரு."

"எப்பவும் போல ரெண்டுங்கண்ணே... இருங்க. மூணு. என்னாங்க இது, நாலு. நான் தொடவே இல்லீங்க, தானா ஏறுது!"

"சிம்மைப் புடுங்குடா! மோட்டாரை நிறுத்து!"

"ஆர்டர் இல்லாம எப்படிங்க? போன மாசம் தொடப்பம் வாங்குனதுக்கே ஆர்டர் எங்கன்னு கேட்டாங்க. நாளைக்கு ஊரே தண்ணி இல்லைன்னு நின்னா என் சட்டையத்தான் புடிப்பாங்க. ஒம்பதுங்கண்ணே, இப்ப."

ஊர்த் தண்ணீர் நாலு மணிக்குத் திறக்கும். குழாயடியில் தீர்த்தகிரியின் மனைவி பெரியம்மாளின் குடம் இந்நேரம் முதல் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்.

பத்தொன்பது வருட அனுபவம் விரலுக்கு இறங்கியது. மணிக்கட்டு வலி மறந்து, ஆறு நிமிடத்தில் அந்தப் பொய் அலுவலகத்துக் கம்ப்யூட்டரிலேயே ஓர் உத்தரவை அடித்தார். கருங்காலியூர் கூட்டுக் குடிநீர் வாரியம், ந.க. எண், பொருள், பார்வை. 'மறு உத்தரவு வரும் வரை சிம் அட்டையைக் கழற்றி வைத்து, தொட்டியைக் கையால் மட்டுமே இயக்குமாறு ஆணையிடப்படுகிறது.' நகல் ஐந்து பேருக்கு. ஐந்து பேருமே பிறக்காதவர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

"வந்துருச்சுங்க!" வீரமணியின் குரலில் நிம்மதி. "நகலெல்லாம் போட்டிருக்குது. இப்பப் புடுங்கறேன். முப்பத்தொண்ணுல நின்னுருச்சுங்கண்ணே."

"தொட்டித் தண்ணியெல்லாம் தெறந்து ஓடையில வுடு."

"அதுக்கு ஆர்டரு?"

தீர்த்தகிரி அதற்கும் ஓர் உத்தரவு அடித்தார்.

ஜெயபிரியா வகுப்பு முடிந்து வந்ததும் தீர்த்தகிரி எல்லாவற்றையும் சொன்னார். ஜெயபிரியா திட்டவில்லை. முதல் முறையாகத் திரையை விட்டுக் கண்ணை எடுத்து தீர்த்தகிரியைப் பார்த்தார். பென்டிரைவைப் பார்த்தார். எழுந்து போய்த் தேன்பானையின் ஒயரைப் பிடுங்கினார். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பதினோரு ஊழியர்களும் நாலாயிரம் பேரும் மேட்டுத் தெருவும் அதோடு சரி. சைபர் கிரைமுக்குப் புகார் போயிற்று. பாஸ்வேர்டை மாற்றப் பெட்டி செய்த கம்பெனி ஆள் வர வேண்டுமாம்; வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தீர்த்தகிரியின் தற்காலிகப் பணியும் முடிந்தது. ஜெயபிரியா அதை எழுத்தில் கொடுத்தார். தீர்த்தகிரி அதைக் கண்ணாடித்தாளில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார்.

ஒன்பதாம் நாள் வீரமணியிடமிருந்து போன்.

"அண்ணே, பேசறது நீங்கதானுங்களா?"

"வேற எவன்டா?"

"ரத்து ஆர்டர் வந்திருக்குதுங்க. அதே வாரியம், அதே எழுத்து. நம்ம ஆர்டர் நம்பரைப் பார்வையில போட்டு, சிம்மைத் திரும்ப மாட்டச் சொல்லியிருக்குது. நகல் உங்களுக்குன்னு போட்டிருக்குதுங்க. அரை மணி முன்னாடி நீங்களே போன் பண்ணி மாட்டச் சொன்னீங்க."

தீர்த்தகிரி அன்று காலையிலிருந்து யாரிடமும் போனில் பேசவில்லை. காற்றில்லாத வெயில். முற்றத்தில் காய்ந்த துணி ஒன்று அசையாமல் தொங்கியது.

"மாட்டிட்டியாடா?" குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

"மாட்டலீங்க. குரல் அச்சு அசல் உங்களுதுதான். ஆனா, 'தாங்கள் சிம் அட்டையைப் பொருத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது'ன்னீங்க. நீங்க என்னைக்குங்க என்னைத் தாங்கள்னு கூப்புட்டிருக்கீங்க? திட்டாம ஒரு போன் உண்டுங்களா? செத்துக்கித்துப் போயிட்டீங்களோன்னு நெனைச்சேன்."

அதன்பிறகுதான் தீர்த்தகிரி உண்மையைச் சொன்னார். வாரியமே பொய். முதல் உத்தரவும் பொய்தான்.

"அப்ப ஒம்பது நாளா நான் இல்லாத ஆபீஸுக்கு வேலை பாத்திருக்கேனுங்களா?" என்றான் வீரமணி. "நெசமான ஆபீஸ்ல இருந்து இத்தனை தெளிவா ஒரு ஆர்டர் வந்ததில்லீங்களே."

மறுநாள் ஜெயபிரியா ஓணான்கொட்டாய்க்கே வந்துவிட்டார். தொட்டிக்கு அடியில் மோட்டார் ரூமில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

"நீங்க மைக்ல சொன்னதெல்லாம் சத்தமாவே தேன்பானைக்குள்ள பதிவாகியிருக்கு சார். அதை வெச்சு உங்க குரலைச் செஞ்சிருக்கான். அது என் தப்பு" என்றார். "நீங்க அதுல ஆபீஸ் தமிழைத் தவிர வேற பேசினதே இல்ல. அதனால அந்தக் குரலுக்கும் வேற தெரியல. இனிமே கத்துக்கும்."

"அப்ப நான் எதை வெச்சுங்க மேடம் நம்பறது?" என்றான் வீரமணி.

"ஒயர் வழியா ஒருக்காலும் போகாத ஒரு ரகசியம் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கணும். நேர்ல கை மாறணும். ஒரு தடவை சொன்னா கோடு போட்டு அடிச்சுடணும், மறுபடி சொல்லக் கூடாது. மறையாக்கத்துல, அதான் ரகசியமா சேதி அனுப்பற வித்தையில, ரொம்பப் பழைய முறை. சரியா செஞ்சா யாராலயும் உடைக்க முடியாது."

எண்பது பக்க நோட்டு இரண்டு வாங்கி வந்தார்கள். தினம் ஒரு திட்டு என்று முடிவாயிற்று. தீர்த்தகிரி சொல்லச் சொல்ல வீரமணி இரண்டிலும் எழுதினான், தன்னைப் பற்றிய திட்டுகளைத் தன் கையாலேயே, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல். போன்கள் ரூமுக்கு வெளியே புளியமரத்தடியில் கிடந்தன. 'உன் மூளையைக் கழுவி ஊத்துனா ஒரு டம்ளரு நெறையாதுடா' என்பது ஒன்று. 'உன்னைப் பாத்தா மோட்டாருக்கே காயில் கருகுதுடா' என்பது ஏழு. பதினெட்டாவதைக் கேட்டு ஜெயபிரியா தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து வெளியே போனார்.

முறை சரியாக நடந்தது. தீர்த்தகிரி தினமும் பத்து மணிக்கு அழைப்பார், அன்றைய திட்டைச் சொல்வார். வீரமணி நோட்டைப் பார்த்து, "சரிங்க, அடிச்சுட்டேன்" என்பான். அப்புறம்தான் மற்றப் பேச்சு. ஓணான்கொட்டாய்த் தண்ணீரில் குளோரின் இரண்டுக்கு மேல் ஏறவில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் பத்துக்குச் சில நிமிடம் இருக்கையில் தீர்த்தகிரியின் போன் அடித்தது. நம்பர் தெரியவில்லை. எடுத்தார்.

"திரு. தீர்த்தகிரி அவர்களுக்கு, வணக்கம்."

அவருடைய குரல்.

"பொருள், பணி நிரந்தரம் செய்தல் தொடர்பாக. பார்வை, தங்கள் விண்ணப்பங்கள், பத்தொன்பது." நடுவில் ஓர் இருமல். கருங்காலியூரில் முத்துராஜின் விடுப்புக் கடிதத்தைச் சொல்லும்போது வந்த இருமல் அது. அவருக்கு ஞாபகம் இருந்தது. "தங்கள் விண்ணப்பங்கள் அனைத்தும் இணைப்புகளுடன் முழுமையாகப் படித்துப் பரிசீலிக்கப்பட்டன. முதல் விண்ணப்ப நாள் முதற்கொண்டு தங்களை நிரந்தரம் செய்து ஆணை தயாராக உள்ளது."

தீர்த்தகிரி நின்ற இடத்தில் நின்றார். பத்தொன்பது வருடம் அந்த வாக்கியத்தைக் கேட்க யார் யார் குரலையெல்லாமோ கற்பனை செய்திருந்தார். தன் குரலை மட்டும் செய்ததில்லை.

"ஆணையை வெளியிட ஏதுவாக, இன்றைய திட்டினை உடன் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

அப்படியானால் தினம் பத்து மணிப் பேச்சை அதுவும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கையில் நோட்டு விரிந்திருந்தது. நாற்பத்தொன்று அவர் கண்ணெதிரே இருந்தது. அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அதுவும் அவருடைய மூச்சுதான், லேசாக மூக்கடைத்தது. கடிதத்துக்குப் பதில் போடாமல் விட்ட பழக்கம் அவருக்கு இல்லை. வாய் தானாகத் திறந்தது. 'பார்வையில் கண்ட தங்கள் கடிதத்துக்கு' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

போனை அணைத்தார்.

முற்றத்துத் தொட்டியில் முகம் கழுவினார். அப்புறம் வீரமணியை அழைத்தார்.

"உன்னை நம்பி டேங்க் கட்டுனதுக்கு, ஊரையே தூக்கி ஆத்தோரமா வெச்சிருக்கலாம்டா."

பக்கம் புரளும் சத்தம். "நாப்பத்தொண்ணு. சரிங்க, அடிச்சுட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "என்னாங்கண்ணே, கொரலு ஒரு மாதிரி இருக்குது. நீங்கதானே?"

"நான்தான்டா."

"அதைத்தானுங்க அதுவும் சொல்லும்." வீரமணி யோசித்தான். "தப்பா நெனைச்சுக்காதீங்க. எதுக்கும் ஒரு எட்டு நேர்ல வந்துட்டுப் போயிடுங்க."

தீர்த்தகிரி போனைப் பெரியம்மாளிடம் கொடுத்து, அடித்தால் எடுக்க வேண்டாம் என்று சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு, தான்தான் என்று காட்டுவதற்காக, பத்து மணி வெயிலில் தொட்டிக்கு நடந்தார்.